கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை வாசிப்பது எப்படி: முதலில் ஆணியைத் தேடுங்கள்

கருக்கலைப்பு ஓர் அரசியலமைப்பு உரிமை என்று 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன ரோ எதிர் வேட் தீர்ப்பை முதன்முதலாக வாசிக்க உட்கார்ந்தபோது நான் செய்த தவறை நீங்களும் செய்ய வேண்டாம். கதைப் புத்தகம் மாதிரி முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசித்தேன். பாரசீகம் வந்தது, கிரேக்கம் வந்தது, ரோம் வந்தது, மருத்துவர்களின் ஹிப்போகிரட்டிஸ் உறுதிமொழி வந்தது, இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டம் வந்தது. இதெல்லாம் எதற்கு என்று யோசித்துக்கொண்டே பக்கம் புரட்டியதில், கருக்கலைப்பு ஏன் அரசியலமைப்பு தரும் உரிமை என்று விளக்குகிற இடம் எப்போது வந்து எப்போது போனதென்றே தெரியவில்லை. திரும்பிப் போய்த் தேடினால், இத்தனை பெரிய தீர்ப்பில் அந்த இடம் சில பத்திகள்தான்.

அதனால் இந்த மாதிரித் தீர்ப்புகளைக் கேள்விகளை வைத்துக்கொண்டு தேடித்தான் வாசிக்க வேண்டும். நான் வைத்துக்கொள்ளும் கேள்விகளைக் கீழே சொல்கிறேன். பெரும்பாலும் அமெரிக்கத் தீர்ப்புகளையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரே நீதிமன்றம், ஒரே அரசியலமைப்பு வாசகம், 1973-ல் ஒரு பதில், 2022-ல் நேர் எதிர் பதில். பழகிக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அப்புறம் வேறு சில நாடுகளில் அதே கேள்விகளைப் போட்டுப் பார்க்கலாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயத்தை ஓரமாக வைத்துவிடுங்கள்: கருக்கலைப்பு சரியா தவறா என்பது. உங்களுக்கு அதில் ஒரு கருத்து இருக்கும், இருக்கட்டும். நீதிமன்றத்தின் முன்னால் இருக்கும் கேள்வி வேறு. இதை முடிவு செய்ய வேண்டியது யார்? அந்தப் பெண்ணா, சட்டமன்றமா, நீதிபதிகளா? இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் வாசிப்பு முதல் அடியிலேயே தடம் மாறிவிடும். கருக்கலைப்பு சட்டப்படி அனுமதிக்கப்பட வேண்டும் என்று நினைத்தவர்தான் சட்ட அறிஞர் ஜான் ஹார்ட் ஈலி; சட்டமன்ற உறுப்பினராக இருந்தால் அப்படித்தான் வாக்களிப்பேன் என்றும் சொன்னார். ஆனால் ரோ தீர்ப்பு வந்த அதே 1973-ல் அதை மிகக் கடுமையாக விமர்சித்து எழுதியதும் அவர்தான், அது அரசியலமைப்புச் சட்டமே அல்ல என்கிற அளவுக்கு. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. அவர் ஏற்ற முடிவு ஒன்று, ஏற்காத காரணம் வேறொன்று.

சரி, முதல் வேலை: தீர்ப்பைத் திறக்காதீர்கள், எந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்கு போட்டார்கள் என்று பாருங்கள். ரோ வழக்கில் அது டெக்சாஸின் 19-ஆம் நூற்றாண்டுச் சட்டம். தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்குத் தவிர வேறு எதற்கும் கருக்கலைப்பு கூடாது. அதே நாளில் தீர்ப்பான டோ எதிர் போல்டனில் இருந்தது ஜார்ஜியாவின் சட்டம், கொஞ்சம் தளர்வானது, ஆனால் மருத்துவமனைக் குழுவின் ஒப்புதலும் வேறு இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலும் வேண்டும் என்று கேட்டது. 2022-ல் ரோவை ரத்து செய்த டாப்ஸ் வழக்கில் வந்தது மிசிசிப்பியின் 15 வார வரம்பு. இதை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறேன் என்றால், நீதிமன்றம் தன் முன்னால் இருந்த வழக்குக்குத் தேவையான அளவு பேசியதா, அதைத் தாண்டிப் பேசியதா என்பது அப்போதுதான் பிடிபடும். டாப்ஸில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் பிரிந்து நின்றது இந்த இடத்தில்தான்: 15 வாரச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாமே, ரோவை முழுசாகத் தூக்கிப்போட வேண்டிய தேவை இந்த வழக்கில் இல்லையே என்றார். மிசிசிப்பியின் சட்டம் செல்லும் என்றதற்கு 6-3, ரோவை ரத்து செய்ததற்கு 5-4 என்று நீதிபதிகளின் வாக்கில் இரண்டு எண்ணிக்கை சொல்கிறார்களே, அது இதனால்தான்.

இப்போது ஆணிக்கு வருவோம். அமெரிக்க அரசியலமைப்பில் 'கருக்கலைப்பு' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. பேச்சுரிமை என்றால் சொல்லே இருக்கிறது, காட்டிவிடலாம். சொல் இல்லாத உரிமையை, இருக்கிற ஏதோ ஒரு சொல்லில்தான் மாட்ட வேண்டும். அந்தச் சொல்லைத்தான் ஆணி என்கிறேன். ரோவின் ஆணி 1868-ல் சேர்க்கப்பட்ட 14-வது திருத்தம்: சட்டத்தின் உரிய நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக் கூடாது. அதில் இருக்கும் 'சுதந்திரம்' என்ற ஒற்றைச் சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது.

ஆனால் நேரடியாகத் தொங்கவில்லை, நடுவில் சில கண்ணிகள் இருக்கின்றன, அவற்றைத் தாண்டிப் போகக் கூடாது. 1965-ல் கிரிஸ்வோல்ட் வழக்கு. கணவன் மனைவிகூடக் கருத்தடைச் சாதனம் பயன்படுத்தக் கூடாது என்று கனெக்டிகட்டில் ஒரு சட்டம் இருந்தது. அதை ரத்து செய்த நீதிபதி வில்லியம் டக்ளஸ் 'சுதந்திரம்' என்ற சொல்லுக்கே போகவில்லை. உரிமைகள் பட்டியலில் (அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள்) வெளிப்படையாக எழுதப்பட்ட உரிமைகளுக்கு ஒரு புறநிழல் உண்டு, அந்தப் புறநிழல்கள் சேர்ந்து ஓர் அந்தரங்க வெளியை உண்டாக்குகின்றன என்றார். கிரகணப் பாடத்தில் கருநிழல், புறநிழல் என்று படித்திருப்போமே, அதே சொல்தான். அழகான உவமை, ஆனால் நிழலில் ஒன்றை மாட்ட முடியுமா என்று அன்றிலிருந்து கேலி செய்துகொண்டேதான் இருக்கிறார்கள், எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான். அடுத்து 1972-ல் ஐசன்ஸ்டாட் வழக்கு: இந்த அந்தரங்கம் தம்பதிக்குச் சொந்தமானதில்லை, தனி நபருக்குச் சொந்தம், மணமானவரோ ஆகாதவரோ, பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற முடிவில் அரசு தலையிடக் கூடாது என்றார் நீதிபதி பிரென்னன். கவனித்தீர்களா, வழக்கு கருத்தடை பற்றியது, ஆனால் எழுதிய வாக்கியம் அதைவிட அகலமானது. மறு ஆண்டு, 1973 ஜனவரி 22, அந்த அகலத்துக்குள் ரோ நுழைந்துவிட்டது. 7-2. எழுதியவர் ஹாரி பிளாக்மன். கர்ப்பத்தை முடித்துக்கொள்வதா என்று ஒரு பெண் எடுக்கும் முடிவையும் தழுவும் அளவுக்கு அந்தரங்க உரிமை அகலமானது என்றார், அதை மாட்டியது 14-வது திருத்தத்தின் சுதந்திரத்தில்.

ஆணியைக் கண்டுபிடித்ததும் அடுத்த கேள்வி: எதிர்ப்பக்கத் தட்டில் என்ன வைத்திருக்கிறார்கள்? ரோவில் டெக்சாஸ் வைத்தது, கருவும் அரசியலமைப்பின்படி 'நபர்' என்ற வாதம். இது ஜெயித்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது, தீர்ப்பே அதை ஒப்புக்கொள்கிறது. பிளாக்மன் என்ன செய்தார் தெரியுமா, அரசியலமைப்பில் 'நபர்' என்ற சொல் வரும் இடங்களை எடுத்துப் பார்த்தார்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பதவிக்கான தகுதி, தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைப்பது. அநேகமாக எல்லாமே பிறந்தவர்களுக்குத்தான் பொருந்துகிறது என்றார். ஆக, கரு நபர் இல்லை. ஆனாலும் வருங்கால உயிரைக் காப்பதில் மாநிலத்துக்கு நியாயமான அக்கறை உண்டு, தாயின் உடல்நலத்திலும் அக்கறை உண்டு, கர்ப்பம் வளர வளர இந்த அக்கறைகளின் எடை கூடும். இதிலிருந்து வந்ததுதான் மூன்று மும்மாதத் திட்டம்: முதல் மூன்று மாதம் பெண்ணும் மருத்துவரும் முடிவெடுப்பார்கள், அடுத்து தாயின் உடல்நலத்துக்காக ஒழுங்குமுறை வைக்கலாம், கரு கருப்பைக்கு வெளியே உயிர்தரிக்கக்கூடிய நிலைக்கு வந்த பிறகு தடைகூட விதிக்கலாம், தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் தவிர. அந்த நிலை ஏறக்குறைய 28-வது வாரம், 24-லும் வரலாம் என்று அன்று எழுதினார்கள். பலவீனம் தெரிகிறதல்லவா? மருத்துவம் முன்னேற முன்னேற அந்தக் கோடு நகரும். உரிமையின் எல்லையை மருத்துவக் கருவி வரைந்தால் அது எப்படி அரசியலமைப்பின் கோடு ஆகும் என்று கேட்டால் நேரடியான பதில் கிடையாது.

1992-ல், பென்சில்வேனியா மாநிலச் சட்டத்தை எதிர்த்து வந்த கேசி வழக்கில் இந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள், உரிமையை வைத்துக்கொண்டார்கள். நீதிபதிகள் ஓ'கானர், கென்னடி, சூட்டர் மூவரும் சேர்ந்து எழுதிய அந்தக் கருத்தில் நீங்கள் அடிக்கோடு போட வேண்டிய சொல் 'தகாத சுமை'. கரு தனித்து உயிர்தரிக்கும் நிலைக்கு முன், பெண்ணின் வழியில் கணிசமான தடையை வைப்பதுதான் சட்டத்தின் நோக்கமோ விளைவோ என்றால் அது செல்லாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எது கணிசம்? 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற பென்சில்வேனியா விதி செல்லும் என்றார்கள், கணவனுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற விதி செல்லாது என்றார்கள். பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறவருக்கு ஒரு நாள் காத்திருப்பது பெரிசில்லை. பல மணி நேரம் பயணம் செய்து, சம்பளத்தை இழந்து வருகிறவருக்கு அதே ஒரு நாள் சுவர். யாருடைய நிலையில் நின்று சுமையை அளக்கிறார்கள் என்று ஒவ்வொரு தீர்ப்பிலும் பாருங்கள், இது என் சொந்தப் பழக்கம், பல தீர்ப்புகளின் குணம் இதில் தெரிந்துவிடும்.

அந்தரங்கம் என்ற ஆணிக்கு இன்னொரு குணம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. 'என்னைத் தனியாக விடு' என்பதுதான் அதன் சாரம். தனியாக விடச் சொன்ன அரசிடம் போய்ச் செலவுக்குப் பணம் கேட்க முடியாது. 1980-ல் ஹாரிஸ் எதிர் மெக்ரே வழக்கில் நடந்தது இதுதான்: ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்திலிருந்து கருக்கலைப்புக்குப் பணம் தராமல் இருக்கும் ஹைட் திருத்தம் செல்லும் என்று 5-4-ல் சொல்லிவிட்டார்கள். வறுமையை அரசு உண்டாக்கவில்லை, அதனால் அதை நீக்கும் கடமையும் அரசுக்கு இல்லை என்பது வாதம். உரிமை உண்டு, ஆனால் காசு இருந்தால்தான் கை எட்டும். எந்த ஆணியில் மாட்டினார்களோ அது யாரைக் கைவிடும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி டாப்ஸ், 2022 ஜூன் 24, எழுதியவர் நீதிபதி அலிட்டோ. இங்கே கொஞ்சம் நின்று நிதானமாக வாசிக்க வேண்டும். வாதத்தின் உயிர்நாடி ஒரு சோதனை: அரசியலமைப்பில் எழுதப்படாத உரிமை என்றால், அது நாட்டின் வரலாற்றிலும் மரபிலும் ஆழமாக வேரூன்றியிருக்க வேண்டும். இந்தச் சோதனையை 1997-ன் கிளக்ஸ்பர்க் வழக்கிலிருந்து எடுத்தார்கள், அது தற்கொலைக்கு மருத்துவர் உதவுவது பற்றியது. பிறகு வரலாற்றுக்குப் போனார்கள்: 14-வது திருத்தம் வந்த 1868-ல் இருந்த 37 மாநிலங்களில் 28-ல் கருக்கலைப்பு எந்தக் கட்டத்திலும் குற்றமாக இருந்தது. ஆகவே வேர் இல்லை, ஆகவே உரிமை இல்லை, ஆகவே மாநிலச் சட்டமன்றங்களே முடிவு செய்யட்டும்.

தர்க்கம் சீராகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது தர்க்கத்துக்கு முன்னால் கேள்வியை எப்படி வைத்தார்கள் என்பதை. 'கருக்கலைப்பு செய்துகொள்ளும் உரிமை மரபில் உண்டா' என்று குறுக்கிக் கேட்டால் பதில் இல்லை என்றுதான் வரும். 'தன் உடலையும் குடும்பத்தையும் பற்றிய அடிப்படை முடிவைத் தானே எடுக்கும் உரிமை மரபில் உண்டா' என்று அகலமாகக் கேட்டால் பதில் மாறலாம். கேள்வியின் அகலமே பாதித் தீர்ப்பு. இதற்கு ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. 1986-ல் பவர்ஸ் வழக்கில் நீதிமன்றம் ஒருபால் உறவை மிகக் குறுக்கிக் கேள்வியாக்கி, அப்படி ஓர் உரிமை இல்லை என்றது. 2003-ல் லாரன்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம், கேள்வியை அப்படி வைத்ததே தவறு, அங்கே ஆபத்தில் இருந்த சுதந்திரத்தின் அளவே புரிந்துகொள்ளப்படவில்லை என்று சொல்லி பவர்ஸை ரத்து செய்தது. வெவ்வேறு இனத்தவர் மணந்துகொள்வதை அனுமதித்த 1967-ன் லவ்விங் தீர்ப்பும் அப்படித்தான். 'கலப்பு மணம் செய்யும் மரபு உண்டா' என்று கேட்டிருந்தால் பல மாநிலங்களில் அது குற்றமாக இருந்த வரலாறுதான் பதிலாக வந்திருக்கும். 'மணம் செய்யும் சுதந்திரம் உண்டா' என்று கேட்டார்கள். கருக்கலைப்பில் மட்டும் வேறொரு உயிரின் கேள்வி இருக்கிறது, அதனால் மற்ற தீர்ப்புகளுக்கு ஆபத்தில்லை என்று அலிட்டோ சொல்கிறார். அதே பக்கம் நின்ற நீதிபதி தாமஸ் தனியாக எழுதி, கிரிஸ்வோல்ட், லாரன்ஸ், ஒருபால் மணத்துக்கான ஒபர்கஃபெல் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார். ஒரே ஆணியில் பல சட்டைகள் தொங்கும்போது ஆணியைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்ற சண்டை இது.

பெரும்பான்மையோடு உடன்படாத நீதிபதிகள் எழுதும் மாறுபட்ட தீர்ப்பை வாசிக்காமல் விடாதீர்கள். எனக்கு நேரம் குறைவு என்றால் அதைத்தான் முதலில் வாசிப்பேன், பெரும்பான்மை எதைப் பேசாமல் நழுவியது என்று அங்கேதான் இருக்கும். டாப்ஸில் பிரேயர், சோட்டோமேயர், ககன் மூவரும் சேர்ந்து எழுதினார்கள். 1868-ல் அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்த 'மக்கள்' எல்லாரும் ஆண்கள். பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்ததே 1920-ல். அப்படியிருக்க அன்றைய பார்வையிலேயே உரிமைகளை உறையவைத்தால், பெண்கள் இல்லாத அறையில் எடுத்த முடிவே என்றென்றைக்கும் நிற்கும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இது வலுவாகத் தெரிகிறது. இதற்குப் பெரும்பான்மையின் பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள்: இன்று பெண்களுக்கு வாக்கு இருக்கிறதே, வாக்குப் பெட்டியில் மாற்றிக்கொள்ளட்டும்.

முன்தீர்ப்பை, அதாவது நீதிமன்றம் முன்பே சொன்ன தீர்ப்பை, மதிப்பது பற்றிய பகுதியைச் சீக்கிரம் வாசித்தால் போதும். கேசி, ரோ இருபது வருடம்கூட ஆகாத தீர்ப்பானாலும் ஒரு தலைமுறையே அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட்டிருக்கிறது என்றது. டாப்ஸ், இனப் பிரிவினையை ஏற்ற 1896-ன் பிளெஸ்ஸி தீர்ப்பை 1954-ன் பிரவுன் தீர்ப்பு தூக்கி எறிந்ததே என்றது. இரண்டு தரப்பும் பிரவுனைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள்.

மாட்டாமல் விட்ட ஆணியையும் தேடுங்கள். ரூத் பேடர் கின்ஸ்பர்க் நீதிபதியாக உச்ச நீதிமன்றம் வருவதற்கு முன்பே, 1985-ல், ரோவை அந்தரங்கத்தில் மாட்டியதைவிடச் சமத்துவத்தில் மாட்டியிருக்கலாம் என்று எழுதினார். கர்ப்பத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் ஒரு பாலினத்தின் மீது மட்டும் விழுகிறது, படிப்பு, வேலை, வருமானம் எல்லாவற்றிலும் அது அவர்களைப் பின்தள்ளுகிறது. ஆகவே இது சமப் பாதுகாப்பு, அதாவது சட்டம் எல்லாரையும் சமமாக நடத்த வேண்டும் என்ற பிரச்சினை. இந்த ஆணியில் மாட்டியிருந்தால் பணம் இல்லாத பெண்ணின் வாதமும் கொஞ்சம் வலுத்திருக்கும் என்பது என் கணிப்பு. டாப்ஸ் இதைச் சில வரிகளில் மூடிவிட்டது, கர்ப்பத்தை வைத்து வேறுபடுத்துவது பாலினப் பாகுபாடு ஆகாது என்ற 1974-ன் கெடல்டிக் வழக்கைக் காட்டி.

இப்போது இதே கேள்விகளோடு வெளியே போவோம். கனடாவின் 1988 மோர்கன்டாலர் வழக்கில் ஆணி 'நபரின் பாதுகாப்பு', அந்த நாட்டின் உரிமைச் சாசனத்தின் 7-வது பிரிவு. மருத்துவமனைக் குழு ஒப்புதல் தர வேண்டும் என்ற விதியால் உண்டாகும் தாமதமே பெண்ணின் உடலுக்கும் மனதுக்கும் தீங்கு என்று தலைமை நீதிபதி டிக்சன் வாதத்தை நடைமுறையில் நிறுத்தினார். நீதிபதி பெர்த்தா வில்சன் ஒரு படி மேலே போய்ச் சுதந்திரம், மனசாட்சி என்று பேசினார். அங்கே அதற்குப் பிறகு கருக்கலைப்புக்குக் குற்றவியல் தடை எதுவும் வரவில்லை. ஜெர்மனியில் எல்லாம் தலைகீழ்: 1975-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் மனித மாண்பையும் உயிர் வாழும் உரிமையையும் கருவின் பக்கம் மாட்டி, 12 வாரம் வரை அனுமதித்த சட்டத்தை ரத்து செய்தது. 1993-ல் ஒரு விசித்திரமான சமரசம்: சட்டவிரோதம்தான், ஆனால் ஆலோசனை பெற்று முதல் 12 வாரத்துக்குள் செய்தால் தண்டனை இல்லை. மாண்பு என்ற ஒரே சொல் எந்தப் பக்கமும் சாயும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இந்தியாவில் வரிசையே வேறு. முதலில் வந்தது தீர்ப்பு இல்லை, 1971-ன் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். அது பெண்ணுக்கு உரிமை என்று பேசவில்லை, நல்லெண்ணத்தோடு செய்யும் மருத்துவரைக் குற்றத்திலிருந்து காப்பாற்றுகிறது. ஆணி பிற்பாடு அடிக்கப்பட்டது: 2009-ல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் இனப்பெருக்கம் பற்றிய தேர்வும் அரசியலமைப்பின் 21-வது பிரிவின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றார்கள், 2022 செப்டம்பரில் 20 முதல் 24 வாரம் வரையிலான அனுமதி மணமாகாத பெண்ணுக்கும் உண்டு என்றார்கள். ஆனால் 2023 அக்டோபரில் 26 வாரம் தாண்டிய ஒரு மணமான பெண்ணின் மனுவை உச்ச நீதிமன்றம் மறுத்தது, சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை என்று. சொல்லில் சுதந்திரம், நடைமுறையில் மருத்துவரின் கருத்து. இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவைப் பற்றிப் பேசுகிறவர்கள் டாப்ஸோடு நிறுத்திவிடுவார்கள், நீங்கள் நிறுத்தாதீர்கள். மாநிலங்களுக்கும் தனி அரசியலமைப்பு உண்டு. கான்சாஸ் உச்ச நீதிமன்றம் 2019-லேயே, மாநில அரசியலமைப்பின் முதல் பிரிவில் சொல்லும் இயற்கை உரிமைகளில் தன் உடல் மீதான அதிகாரமும் அடங்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2022 ஆகஸ்டில் அதை மாற்றும் திருத்தத்தை வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். மிச்சிகனும் ஒஹாயோவும் வாக்கெடுப்பு மூலம் ஆணியைத் தேடும் வேலையையே விட்டுவிட்டு, சொல்லையே எழுதிச் சேர்த்துக்கொண்டன.

கடைசியாக ஒரு பயிற்சி. 2024 மார்ச் 4-ஆம் தேதி பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வெர்சாயில் கூடி, 780-க்கு 72 என்ற வாக்குகளில் அரசியலமைப்பின் 34-வது பிரிவில் ஒரு வாக்கியம் சேர்த்தன. கீழவை 'உரிமை' என்ற சொல்லைக் கேட்டது, செனட் 'சுதந்திரம்' போதும் என்றது, கடைசியில் வந்தது 'உறுதியளிக்கப்பட்ட சுதந்திரம்'. தமிழில் ஏறக்குறைய இப்படி: கர்ப்பத்தைத் தானாக முன்வந்து முடித்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு உறுதியளிக்கப்பட்ட சுதந்திரம் எந்த நிபந்தனைகளின்படி செயல்படும் என்பதைச் சட்டம் தீர்மானிக்கும். இங்கே சொல் இருக்கிறது, ஆணி தேட வேண்டியதில்லை. ஒரு காகிதத்தில் இரண்டு கேள்வி எழுதிக்கொண்டு விடை தேடிப் பாருங்கள்: நாளைக்கு ஒரு நாடாளுமன்றம் வரம்பை 14 வாரத்திலிருந்து 8 வாரமாகக் குறைத்தால் இந்த வாக்கியம் அதைத் தடுக்குமா? தடுக்கும் என்றால் 'உறுதியளிக்கப்பட்ட' என்ற சொல்லாலா, தடுக்காது என்றால் 'நிபந்தனைகள்' என்ற சொல்லாலா?